நல்ல நிலையில் உள்ள டபிள்யூ124 பென்ஸ் வாங்க: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

தொண்ணூறுகளின் பென்ஸ் வாங்க வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் சீட்டில் உட்கார்ந்து, கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு, அங்கேயே மனதைக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கண்ணில் படும் குறை எல்லாம் "சரி பண்ணிக்கலாம்" ஆகிவிடுகிறது. நண்பர்களுக்காகக் கூடப்போய்ப் பல வண்டிகள் பார்த்ததில், தவறான வண்டி வாங்கியவர்களில் பெரும்பாலோர் பார்த்த வரிசைதான் தவறு. செலவில்லாத சோதனைகள் முன்னால், செலவாகும் சோதனைகள் பின்னால், ஆசைப்பட வைக்கும் விஷயங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால். இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது.

எடுத்துக்கொண்ட வண்டி மெர்சிடிஸ் டபிள்யூ124 சலூன், அதாவது டிக்கி தனியாக உள்ள நான்கு கதவுக் கார். 1995 முதல் புனேயில் கோக்கப்பட்டு ஈ220 பெட்ரோல், ஈ250டி டீசல் என்று விற்கப்பட்டதால், இந்த வயதுள்ள சொகுசு சலூன்களில் நம் ஊரில் இன்னும் பார்க்கக் கிடைப்பது இதுதான்.

1. வண்டியைத் தேடும் முன் மெக்கானிக்கைத் தேடுங்கள்

உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இந்த மாடலில் கை பழகிய ஒரு மெக்கானிக் இருக்கிறாரா? இல்லையென்றால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கஷ்டம்தான். புது பென்ஸ் பார்க்கும் பட்டறைகளில் பலருக்கு இந்த வண்டி புதிது. கம்ப்யூட்டரைச் செருகிக் குறையைப் படித்தே பழகியவர்கள் அவர்கள். இதில் இன்றைய ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்டே கிடையாது. காதும் கையும் அனுபவமும்தான் வேலை செய்யும்.

மெக்கானிக்கிடம் போய், "உங்களிடம் இப்போது எத்தனை 124 வருகிறது, ஸ்பேர் எங்கே வாங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். கம்பெனி பார்ட் நம்பரைச் சொல்லி ஆர்டர் போடுகிறவரா, சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கழற்றியதை வாங்கிப் போடுகிறவரா என்பது அந்தப் பதிலிலேயே தெரியும். கண்ணாடி, கைப்பிடி, விளக்கு போன்றவற்றுக்குப் பழைய சாமானில் தப்பில்லை. ரப்பர், சென்சார், பிரேக் சம்பந்தப்பட்டவற்றைப் பழையதில் வாங்கவே கூடாது.

கூரையுள்ள நிறுத்துமிடமும் முன்கூட்டியே வேண்டும். வெயிலில் முதலில் போவது டாஷ்போர்டும் கதவு ரப்பர்களும். ரப்பர் போனால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், அங்கிருந்து துரு தொடங்கும்.

2. பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் பத்து பங்கு இருந்தால் ஏழு பங்குக்குத்தான் வண்டி. மிச்ச மூன்று பங்கு முதல் ஆறு மாதத்துக்கு. புதியவர்கள் பத்தையும் விலையில் கொடுத்துவிட்டு, முதல் பிரேக்டவுனிலேயே மலிவான சாமான் போட ஆரம்பிக்கிறார்கள். நல்ல வண்டிகள் வீணாவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

3. பெட்ரோலா டீசலா

ஈ220-இல் இருப்பது 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு எம்111 எஞ்சின், 150 குதிரைத்திறன். ஓட்டச் சுகம். ஆனால் மின்சார வேலை அதிகம், அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஈ250டி ஐந்து சிலிண்டர் டீசல். நிதானமான வண்டி, உழைக்கும். இரண்டிலும் டைமிங் செயின்தான், பெல்ட் கிடையாது.

பெட்ரோல் எடுத்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். தொண்ணூறுகளின் ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோஸ் மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

டீசலில் வேறு பிரச்சினை. தில்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் வந்த தடைகளால் அங்கிருந்து பல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. மலிவு என்பதற்காக ஓடாதீர்கள். அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. வண்டிக்கு முன் காகிதம்

புறப்படும் முன்பே ஆர்.சி. புக்கின் இரண்டு பக்கப் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் செலவாவது மிச்சம்.

முதலில் பார்க்க வேண்டியது பெயர். தொண்ணூறுகளில் இந்த விலை வண்டிகள் பலவும் கம்பெனி பெயரில் வாங்கப்பட்டவை. அந்தக் கம்பெனி இன்று இல்லையென்றால் விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆளே இல்லை. அதிகாரம் பெற்றவர் யார், அதற்கான தீர்மான நகல் எங்கே என்று கேளுங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் வேண்டும், முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். "அப்பா வண்டிதான், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று மகன் சொல்வது ஆர்.டி.ஓ. கவுண்டரில் செல்லாது.

இரண்டாவது, பதிவு எந்தத் தேதி வரை உயிரோடு இருக்கிறது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி நிற்கும் வண்டிக்கு அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வித்தியாசம் உண்டு: புனேயில் கோத்த வண்டிக்கு ஒரு கட்டணம், முழுதாக இறக்குமதியான வண்டிக்கு இன்னொன்று. 2022 ஏப்ரல் முதல் அது முறையே 5,000, 40,000 ரூபாய். 2025-இல் வந்த மாற்றத்தில், இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 10,000, 80,000 ஆனது. எல்லா 124-ம் இருபதைத் தாண்டியவைதான். ஆர்.சி.யில் இறக்குமதி என்று இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

சிலர் "இது வின்டேஜ், விதிவிலக்கு உண்டு" என்பார்கள். வின்டேஜ் பதிவுக்கு ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். 124 எதுவும் அதில் வராது.

மூன்றாவது, எம்பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடன் அடமானம் நீங்கியிருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, அபராதச் சலான் நிலுவை உண்டா என்பது தெரியும். பழைய பதிவுகள் சில கணினியில் ஏற்றப்படாமலே இருக்கும். அப்படியென்றால் அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றிய பிறகே எந்த வேலையும் நகரும். அதை விற்பவர் செய்து முடிக்கட்டும், நீங்கள் காத்திருங்கள்.

வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே புது எண், இங்குள்ள வாழ்நாள் வரி, எல்லாம் சேரும். என்.ஓ.சி. கையில் வந்த பிறகுதான் பணம்.

5. போனில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயம்

"நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் பாதிக் குறைகளை மறைத்துவிடும். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் சண்டை வேண்டாம், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், துணியில் சுற்றிய சின்னக் காந்தம், கீழே படுத்துப் பார்க்கப் பழைய பாய், வெள்ளைத் துணி, பேப்பர், பென்சில். மாலை வெளிச்சத்திலோ மழையிலோ பார்க்கவே கூடாது. நனைந்த பெயிண்டில் எந்த வேறுபாடும் தெரியாது.

6. பாடி: அரை மணி நேரம் இதற்கே

எஞ்சினைப் பிரித்துக் கட்டலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். துருப்பிடித்த சட்டத்தையும் அடிபட்டு நிமிர்த்திய பாடியையும் பழையபடி கொண்டுவர முடியாது. அதனால் நான் எப்போதும் எஞ்சின் சுமாரான, பாடி சுத்தமான வண்டியையே எடுக்கச் சொல்வேன்.

முன்பக்க கண்ணாடியின் கீழ் மூலைகளில் தொடங்குங்கள். ரப்பருக்கு அடியில் பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால், வெளியே ஒரு பொட்டு தெரிந்தாலும் உள்ளே விரல் நீளத்துக்குப் பரவியிருக்கும். பிறகு பானெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். வேப்பிலையும் சருகும் அங்கே அடைத்துத் தண்ணீர் போகும் வழி நின்றிருந்தால், அது கால் வைக்கும் இடத்துக்குத்தான் இறங்கியிருக்கும். கார்பெட்டின் மேல்பகுதி காய்ந்து தெரியும். அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கிறது, கையை உள்ளே விட்டு அழுத்துங்கள். ஈரம் வந்தால் தரைத் தகட்டைப் பார்க்காமல் பேச்சை நகர்த்தாதீர்கள்.

அப்புறம் கீழே படுங்கள். கதவுகளுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டையில் ஜாக்கி செருகும் குழிகளுக்குச் சின்ன மூடி இருக்கும். மூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். இந்த மாடலில் துருவின் உண்மை நிலை தெரிவது இங்கேதான். வெளியே கண்ணாடி மாதிரி மின்னிய ஒரு வண்டியில் இந்த மூடியை எடுத்ததும் செதில் செதிலாக துரு என் உள்ளங்கையில் கொட்டியது. பிளாஸ்டிக் பட்டை அதுவரை அத்தனையையும் மறைத்து வைத்திருந்தது.

டிக்கியில் கார்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னிக் குழி, பின் சக்கர வளைவுகள், பிறகு பானெட்டுக்குள் பேட்டரியின் அடித்தட்டு என்று முடியுங்கள். காந்தத்தை ஒவ்வொரு பேனலின் கீழ்ப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. ஒரு பேனல் ரீபெயிண்ட் என்றால் பயமில்லை, முப்பது வருடத்தில் உரசாத வண்டி ஏது? ஆனால் பானெட்டுக்குள் உள்ள குறுக்குத் தகட்டிலோ டிக்கித் தரையிலோ சுத்தியல் தடம் தெரிந்தால் அது பெரிய அடி.

சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. சீட் தண்டவாளத்தின் இடுக்கில் வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளம் பார்த்த வண்டியை எந்த விலைக்கும் எடுக்கக் கூடாது.

எஞ்சினுக்குப் பின்சுவரில் அடித்திருக்கும் சேஸ் எண்ணின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முன் குறுக்குத் தகட்டில் உள்ள பிளேட், ஆர்.சி., இந்தப் பிரிண்ட், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ.வில் எப்படியும் இந்தப் பிரிண்ட்டைக் கேட்பார்கள்.

7. குளிர்ந்த எஞ்சின்

ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் தொட்டியைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறத்தில் இருந்தால் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இந்த எஞ்சினின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம். உப்புத் தண்ணீர் அதை உள்ளிருந்தே தின்னும். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்த ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட்டின் மூலைகளை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு வாருங்கள், ஓட்டி வந்த பிறகு மறுபடி பார்க்க.

இப்போது ஒருவர் சாவியைத் திருப்பட்டும். நீங்கள் சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட். டீசல் முதலில் கொஞ்சம் உதறலாம். நிறையச் சுழன்றுதான் பிடிக்கிறது என்றால் ஹீட்டர் பிளக்கிலிருந்து கம்ப்ரஷன் வரை எதுவும் இருக்கலாம், மெக்கானிக் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள். செயின் சத்தம் ஓரிரு நொடியில் அடங்க வேண்டும்.

ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்துப் புதியவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். குளிரில் அது 3-இல் போய் முட்டி நிற்கும். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) 1 பக்கம் இறங்கினாலும் பரவாயில்லை. ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் சட்டென்று 3-க்கு ஏற வேண்டும். மெதுவாக ஏறினாலோ ஏறாமல் நின்றாலோதான் கவலை.

8. ஈ220-க்கு மட்டும்: எஞ்சின் வயரிங்

இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் அழுதிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியில் இந்த எஞ்சின்களுக்கு வந்த வயர்களின் மேலுறை சூட்டில் தானாகவே பொடியும் தன்மை கொண்டது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இன்ஜெக்டர் கனெக்டர் ஒன்றில் கறுப்பு உறை முடியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வயரை லேசாக, மிக லேசாக, வளையுங்கள். நல்லது ரப்பர் போல வளையும். கெட்டது பொரித்த அப்பளம் போல நொறுங்கி, உள்ளே செம்பு தெரியும்.

செம்பும் செம்பும் உரசினால் முதலில் ஐடில் தடுமாறும், பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும், கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியே கருகும். த்ராட்டில் பாடியில் ஓடும் வயரும் இதே ஜாதிதான். முழு ஹார்னஸும் (வயர்க் கட்டு) மாற்றிய பில் இருந்தால் அந்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். டேப் சுற்றி ஒப்பேற்றியிருந்தால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

9. ஏசி: "கேஸ் மட்டும் போட்டால் போதும்"

இதைச் சொல்லாத விற்பனையாளரை நான் பார்த்ததில்லை. கேஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவரே போட்டிருப்பார். இந்த வண்டியில் எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஓட்டையானால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்றினால்தான் எட்டும். நாள் கணக்கில் வேலை. வெயிலில் காய்ந்த டாஷ்போர்டைக் கழற்றும்போது அது வேறு விரியும். சாமானை விடக் கூலி அதிகம்.

எங்களோடு வண்டி பார்க்கப் பழகிய ஒரு தம்பி அந்த வார்த்தையை நம்பி ஜனவரியில் வாங்கினார். ஏப்ரலில் இரண்டு முறை கேஸ் போட்டும் வாரத்தில் இறங்கியது. கடைசியில் டாஷ்போர்டு கழன்று ஒரு மாதம் பட்டறையில் நின்றது. வேலை செய்யும் ஏசியைக் காட்டச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஓடவிட்டு எல்லா வாயிலிலும் காற்று வருகிறதா, சில்லென்று நிற்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு தான்.

10. ஓட்டிப் பாருங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு

மேடு பள்ளமான தெரு ஒன்று, நல்ல நெடுஞ்சாலை ஒன்று, டிராஃபிக் கொஞ்சம், மூன்றும் வேண்டும். பள்ளத்தில் முன்னால் "டொக்" என்றால் பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ். கியர் போட்டு எடுக்கும்போது நடுவில் ஒரு தட்டல் வந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் ஜாயிண்ட் அல்லது சென்டர் பேரிங். ஐடிலில் சீட் நடுங்கினால் எஞ்சின் மவுண்ட். இவை எல்லாம் தேய்மானச் சாமான்கள். பேரம் பேசக் காரணம், வண்டியை விடக் காரணமில்லை.

ஸ்டியரிங் நடுவில் கொஞ்சம் மந்தமாக இருப்பது இந்த வண்டியின் இயல்பு. கையகலம் திருப்பியும் வண்டி திரும்பவில்லை என்றால் மட்டும் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ரிவர்ஸ் போட்டதும் இரண்டு நொடிக்குள் பிடிக்க வேண்டும்.

டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் 100-ஐ ஒட்டிப் போய் ஃபேன் ஓடியதும் இறங்கினால் சரி. தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

கிலோமீட்டர் மீட்டர் நகர்கிறதா என்றும் கவனியுங்கள். இதில் ஸ்பீடு முள் வேலை செய்தாலும் கிலோமீட்டர் எண் நின்றுபோவது சகஜம். 80,000 காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் நான் பெடலைத்தான் நம்புவேன்.

திரும்பி வந்ததும் துடைத்துவிட்டுப் போன ஹெட் மூலைகளை மறுபடி பாருங்கள்.

11. விலையும் கொடுக்கும் நாளும்

கண்ட குறைகளை மெக்கானிக்கோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சாமான், கூலி போட்டுக் கூட்டுங்கள். அந்தத் தாளை விற்பவரிடமே காட்டிப் பேசுங்கள். இந்த வண்டியை அக்கறையாக வைத்திருந்தவர் அதைக் கோபப்படாமல் படிப்பார், "இது நான் மாற்றிவிட்டேன், பில் இருக்கிறது" என்பார். பில் கட்டு வைத்திருப்பவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை.

அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும், ரசீதோடு. முழுப் பணம் கொடுக்கும் நாளில் படிவம் 29, 30 கையெழுத்தாகி, ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடமானம் இருந்திருந்தால் படிவம் 35, இரண்டு சாவியும் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்சூரன்ஸில் ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் வைக்கிறீர்கள். படங்களையும் பில்களையும் கொடுத்து நியாயமான மதிப்பைக் கேளுங்கள். கேட்காவிட்டால் மிகக் குறைவாகப் போட்டுவிடுவார்கள்.

12. முதல் மாதம்

வீட்டுக்கு வந்ததும் ஸ்டீரியோவும் சீட் கவரும் வேண்டாம். முதலில் நிறுத்துவதற்கானவை: பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ், டயர். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டும் வருடம். பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரை மாற்றிவிடுங்கள்.

அடுத்து சூடேறாமல் இருப்பதற்கானவை: கூலன்ட் முழுதாக வடித்துச் சுத்தம் செய்து சரியான கூலன்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஃபேன் கிளட்ச் சோதனை. அதன் பிறகு எரிபொருள் ஹோஸ்களும் ஃபில்டர்களும். பிறகு எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் ஆயில்கள். இவை முடிந்த பிறகே சஸ்பென்ஷன் புஷ்கள். சத்தம் தொந்தரவாக இருந்தாலும் அது வழியில் நிறுத்தாது, மற்றவை நிறுத்தும்.

எது என்றைக்கு, எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, க்ளவ் பாக்ஸில் வையுங்கள்.